விளையாட்டு வீரர்களின் கவட்டை வலி: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

"அறுவை சிகிச்சை இல்லாமல் முழுக் குணம்" என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு வலி நிவாரண மையத்தில் என் தம்பி 22,000 ரூபாயையும் ஒரு பொங்கல் கபடிப் பருவத்தையும் பறிகொடுத்தான். மதுரையில் இப்படிப்பட்ட பலகைகளை நம்பி வீரர்கள் நிறையப் பேர் போவதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தம்பி கபடியில் பாடிப் போகிறவன். ஓர் ஆட்டத்தில் காலைப் பக்கவாட்டில் வீசித் திரும்பியபோது வலது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடித்தது. ஊரில் சுளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. வண்டியை விட்டு இறங்கக் காலைத் தூக்குவதற்கே பல்லைக் கடித்தான்.

அந்த மையத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் அவன் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன இடத்திலேயே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, "இடுப்பெலும்பில் நீர் கோத்திருக்கிறது. இப்படியே விட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான். பேக்கேஜாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு" என்றார். இருபது வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அன்றே கட்டிவிட்டான். வலியே இல்லாமல் ஓடியாடும் வீரர்களின் படத்திலும் இதே மாற்றம் தெரிவதுண்டு என்பதைப் பிறகுதான் வேறொரு மருத்துவர் சொன்னார்.

சிகிச்சை என்று நடந்தது இவ்வளவுதான்: படுக்க வைத்து ஒத்தடம், கரண்ட், லேசர். பொத்தானை அழுத்திவிட்டு உதவியாளர் வெளியே போய்விடுவார். காலை அசைத்துப் பார் என்று ஒரு நாளும் எவரும் சொல்லவில்லை. வலி குறையவில்லை என்றதும் ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். "வலிக்கான ஊசி" என்றார்கள். ரசீதிலும் "ஊசிக் கட்டணம்" மட்டுமே இருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது ஸ்டீராய்டாகக்கூட இருக்கலாம். வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் ஸ்டீராய்டு ஊசி எந்த வகையில் போடப்பட்டாலும் போட்டிக் காலத்தில் தடை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் விதி வைத்திருக்கிறது. மாநில அணித் தேர்வுக்குப் போகிற பையனின் உடம்பில் மருந்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஏற்றுவது என்ன நியாயம்?

இந்த வலிக்கு அறுவை சிகிச்சை இல்லாத வழி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது கட்டிலில் படுத்துக் கிடக்கும் வழி அல்ல. டென்மார்க்கில் பெர் ஹோல்மிச் குழுவினர் நடத்திய ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட கவட்டை வலி உள்ள வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு லேசர், மசாஜ், மின்தூண்டல் போன்றவற்றையும், மறு சாராருக்கு உள்தொடையையும் வயிற்றையும் வலுவாக்கும் பயிற்சியையும் கொடுத்தார்கள். பயிற்சி செய்த 29 பேரில் 23 பேர் வலியின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மற்ற பக்கம் 30 பேரில் 4 பேர் மட்டுமே.

பிறகு அரசு மருத்துவமனையில் காட்டினோம். அங்கே இருமச் சொல்லிக் குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தார்கள், முழங்கால்களுக்கு இடையே தங்கள் கை முஷ்டியை வைத்து நெருக்கச் சொன்னார்கள். வலி உள்தொடைத் தசைநாரிலிருந்து வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. முதலில் பந்தைக் கால்களுக்கிடையே அழுத்திப் பிடிக்கும் பயிற்சி. பிறகு பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவது. வலு வந்த பின், ஒருவர் மேல்காலைப் பிடித்துக்கொள்ள உடம்பை உயர்த்தும் கோபன்ஹேகன் பயிற்சி. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்யச் சொன்னார்கள். பிடித்துக்கொள்வது நான்தான். இப்போது ஓடுகிறான், பாடிப் போக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

எல்லாக் கவட்டை வலியும் பயிற்சியில் தீராது. உண்மையான குடலிறக்கத்துக்கும் சில மூட்டுக் கோளாறுகளுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பையன்களுக்கு விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். அந்த நொடியே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, "பேக்கேஜ் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீது, படம், மருந்துச் சீட்டு எதையும் தூக்கி எறிய வேண்டாம். போட்ட ஊசியின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நானும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.