டோடியா, லாக்கியா?

மும்பை மாட்டுங்காவில் காபி குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "ஜால்ரா அடிக்கிறவனுக்கு இங்கிலீஷ்ல டோடியா, லாக்கியா அண்ணா?"

லாக்கி பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சீருடை போட்ட ஏவலாளைக் குறித்தது. சொன்னதைச் செய்வான், புகழ வேண்டும் என்றில்லை. நம்ம எடுபிடிதான்.

டோடியின் கதை வேறு. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போலி வைத்தியர்கள் ஊர் ஊராக மருந்து விற்றார்கள். கூட வரும் கையாள், விஷம் என்று எல்லோரும் நம்பிய தேரையை விழுங்குவான், இல்லை விழுங்குவதுபோல் நடிப்பான். உடனே முதலாளியின் மருந்து அவனைப் பிழைக்க வைக்கும்! அவனுக்கு 'டோட்-ஈட்டர்' (toad-eater), அதாவது 'தேரை தின்னி' என்று பெயர். அது சுருங்கித்தான் டோடி (toady) ஆனது; முதலாளியை உயர்த்திக் காட்ட எதையும் செய்யும் துதிபாடியைக் குறித்தது.

பஜனையில் ஜால்ராவைக் கவனியுங்கள். பாடுகிறவர் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். தனக்கென்று ஒரு தாளம் போடாது. மீட்டிங்கில் மேனேஜர் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டுகிறவர் அப்படித்தான். அவருக்கு டோடியே பொருத்தம். மும்பை இந்தியில் அவர் சம்ச்சா, அதாவது கரண்டி.

அப்புறம், டீ வாங்கிவரும் ஆபீஸ் பையனை லாக்கி என்று சொல்லாதீர்கள். இன்று அது வசைச்சொல்.