சாவி போட்டதும் முள் நான்கில் நின்றது: பழைய டீசல் வெல்டிங் செட் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

மே கடைசியில் நாகர்கோவில் பக்கம் பழைய மெஷின் விற்கிற ஒரு யார்டில் 2,35,000 ரூபாய் கொடுத்து பழைய ஜப்பான் டீசல் வெல்டிங் செட் ஒன்று, அதாவது கரண்ட் இல்லாத இடத்தில் டீசல் எஞ்சினில் ஓடுகிற வெல்டிங் மெஷின், வாங்கினேன். பதினோரு நாள் வேலை செய்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் தேங்காப்பட்டணத்தில் படகு மேலே வலை இழுக்கிற வின்ச்சின் பேஸ் பிளேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஒரு சத்தம் போட்டு ஜாம் ஆகி நின்றது. யார்டு பெயரை எழுதவில்லை, வழக்கு போடப் போகிறேன், வக்கீல் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம் சின்னப் பட்டறை. கேட், கூரை டிரஸ், படிக்கட்டுக் கைப்பிடி, இதெல்லாம் சாப்பாட்டுக்கு. நாலு காசு கையில் நிற்பது படகு வேலையில்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு தடவை, வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த மூன்றரை மாசத்தில்தான் துருப்பிடித்த கம்பி, வின்ச் அடி, டெக் தகடு என்று எல்லா வேலையும் வரும். வரிசையாகக் கட்டியிருக்கிற படகுக்குள்ளே கரண்ட் வயர் இழுக்க முடியாது, இழுத்தாலும் அந்த ஈரத்தில் எனக்கு பயம். அதனால் இதுவரை எஞ்சின் செட்டை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வாடகைக் காசைக் கூட்டிப் பார்த்தால் மூன்று சீசனில் சொந்த செட் வந்துவிடும் என்று தோன்றியது. வீட்டுக்காரியின் நகையைச் சங்கத்தில் வைத்து அந்தக் காசை எடுத்தேன், இதை ஏன் சொல்கிறேன் என்றால் அவசரம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியட்டும்.

யார்டுக்குப் போனபோது செட் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் அண்ணாச்சி, வார்ம் அப் பண்ணி வச்சிருக்கோம்" என்றார்கள். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. டீசல் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் அதன் வயசு முழுக்கத் தெரியும், சூடாக இருந்தால் கிழ எஞ்சினும் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும், இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் பேசாமல் நின்றேன். போகிற இடத்தில் முதலில் எஞ்சின் மேல் கை வையுங்கள், சுட்டால் டீ குடிக்கப் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள், இல்லையென்றால் மறுநாள் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

பேனல் புதுசு மாதிரி மினுங்கியது. நான் விழுந்தது அங்கேதான். மேலே வரிசையாக ஆயில் பிரஷர் மீட்டர், தண்ணீர் சூடு காட்டுகிற மீட்டர், டீசல் மீட்டர், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டர். அதற்குக் கீழே சாவி, ஆறின எஞ்சின் பிடிக்க உதவுகிற கிளோ பிளக்கைச் சூடாக்குகிற சுவிட்ச், வெல்டு வைக்காதபோது எஞ்சினை மெதுவாக ஓடவிடுகிற ஐட்லிங் சுவிட்ச், ஆம்பியர் கூட்டிக் குறைக்கிற திருகு, பக்கத்தில் கிரைண்டர் மாட்ட இரண்டு சாக்கெட். ஜப்பான் எழுத்துக்கு மேலே ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஹவர் மீட்டர் 1,180 காட்டியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் அது நூற்றைம்பது நாள்கூட இல்லை. ஆனால் சாவித் துவாரத்தைச் சுற்றிப் பெயின்ட் போய் இரும்பு வழவழவென்று தேய்ந்திருந்தது, கதவு கீலை இரண்டு இடத்தில் யாரோ வெல்டு வைத்திருந்தார்கள், கம்பெனி பிளேட் இருந்த இடத்தில் நாலு ரிவெட் ஓட்டை மட்டும் இருந்தது. இதையெல்லாம் பார்த்தேன், பார்த்துவிட்டு அந்த 1,180-ஐயே நம்பினேன்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்று கேட்டேன், அதை போனில் வீடியோவும் எடுத்தேன். வாங்கப் போய் நான் உருப்படியாகச் செய்தது அந்த வீடியோ ஒன்றுதான். சாவியைத் திருப்பினார், பேட்டரி சார்ஜ் விளக்கு எரிந்தது, பக்கத்தில் ஆயில் விளக்கு எரியவில்லை. கேட்டதற்கு "பல்பு போயிருக்கு, இருபது ரூபா பல்பு, மாத்தித் தாறோம்" என்றார். ஆயில் பிரஷர் முள் சட்டென்று எழுந்து நான்கில் போய் நின்றது. அப்புறம் செல்ஃப் அடித்தார், எஞ்சின் பிடித்தது. பிரஷர் நான்கு கிலோ, சூப்பர் என்று நானே வீடியோவில் சொல்வது கேட்கிறது.

உங்களில் எஞ்சின் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எஞ்சின் சுற்றவே இல்லை, ஆயில் பம்ப் சுற்றவே இல்லை, அப்புறம் பிரஷர் எங்கிருந்து வரும்? சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது ஆயில் முள் பூஜ்யத்தில் கிடக்க வேண்டும், ஆயில் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் பிடித்தபிறகுதான் விளக்கு அணையும், முள் ஏறும். ஆறின எஞ்சினில் நன்றாக மேலே ஏறும், சூடானபிறகு ஐட்லிங்கில் இறங்கும், வேகம் கூட்டினால் மறுபடி கொஞ்சம் ஏறும். ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் அது மீட்டர் கணக்கில் சேராது. என் வீடியோவில் ஐட்லிங்கிலும் நான்கு, ஃபுல் ஸ்பீடிலும் நான்கு.

அடுத்து ஆம்பியர். அங்கேயே ஒரு பழைய தகட்டில் பத்து நம்பர் ராடு போட்டுப் பார்த்தேன், ஆர்க் நன்றாகத்தான் பிடித்தது. கேபிளைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் கேட்டேன், கொடுத்தார்கள், ஹோல்டர் கேபிளில் மாட்டினால் ஒன்றும் காட்டவில்லை. "மீட்டர்ல பேட்டரி இல்ல போல" என்றார். பேட்டரி எல்லாம் இருந்தது. அது ஏசி மட்டும் படிக்கிற சாதாரண கிளாம்ப் மீட்டர், இந்த செட்டில் வெல்டிங் கேபிளில் வருவது டிசி. டிசி படிக்கிற கிளாம்ப் மீட்டர் தனி. வேலைக்குப் போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. எட்டு நம்பர் ராடுக்கு (பத்தைவிடத் தடிமன்) 170 ஆம்பியர் வைத்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது, 220 வைத்தால்தான் ஒழுங்காக ஓடியது. கூட வந்த தம்பி "அண்ணே, ராடு ஈரமாயிருக்கும்" என்றான், ஜூன் மழை, நானும் சரி என்று ராடைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டிசி கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தால் திருகில் 200 என்றால் கேபிளில் 150-தான். திருகின் தலையைக் கழற்றி வேறு கோணத்தில் முடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

சாக்கெட் கதை இன்னும் கேவலம். ஸ்டிக்கரில் 230 வோல்ட். நாலு இஞ்ச் கிரைண்டரை மாட்டினால் சுற்றுகிறது, கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடுகிறது. ஜப்பானில் வீட்டுக் கரண்டே 100 வோல்ட், அங்கிருந்து வருகிற செட்டின் சிங்கிள் பேஸ் சாக்கெட்டும் அதே 100-தான். மல்டிமீட்டர் வைத்தால் 104 காட்டியது. இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று என் பையிலேயே கிடந்தது, யார்டில் அதை எடுக்கத் தோன்றவில்லை.

பதினோரு நாளும் நான் செட்டை முறையாகத்தான் ஓட்டினேன். காலையில் ஆயில் குச்சி எடுத்துப் பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன், கிளோ பிளக் சூடாக்கி ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்ட பிறகுதான் ராடைத் தொடுவேன். ஆர்க் ஓடும்போது ஆம்பியர் ரேஞ்ச் மாற்றியதில்லை, உள்ளே கான்டாக்ட் கருகும். சாயந்திரம் வெல்டு வைப்பதை நிறுத்தியபிறகு கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் ஆஃப். எட்டாவது நாளே ஒரு டக் டக் சத்தம் இருந்தது, சைலன்ட் டைப் செட், கதவு மூடியிருந்தால் பாதி வெளியே வராது, தகடு எங்கேயோ லூஸ் என்று நினைத்தேன். முள்ளைப் பார்த்தேன். நான்கு. அப்புறம் எதற்கு நான் பயப்பட வேண்டும்?

ஜாம் ஆனதும் டெம்போவில் ஏற்றிக் குழித்துறையில் ஒரு ஆசானிடம் (மூத்த மெக்கானிக்) கொண்டுபோனேன், படகு எஞ்சினிலேயே தலை நரைத்தவர். அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை, முதலில் பேனலைக் கழற்றினார். ஆயில் மீட்டருக்குப் பின்னால், எஞ்சினிலிருந்து வருகிற வயரை வெட்டிவிட்டு, கறுப்பு டேப் சுற்றி ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருந்தது. சாவி போட்டால் முள் நான்குக்குப் போகும், எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிரஷர் சுவிட்ச் வயரைச் சுருட்டி ஒரு மூலையில் கட்டி வைத்திருந்தார்கள், அதனால்தான் ஆயில் விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாகத்தான் இருந்தது.

"மக்களே, இந்த வயரு எதுக்குன்னு தெரியுமா? ஆயில் இல்லன்னா வண்டிய அதுவே நிறுத்திரும். இது மாட்டியிருந்தா அவன் யார்டுலயே உன் முன்னால நின்னுருக்கும், கேட்டியா" என்றார்.

அதாவது பேரிங்கும் ஆயில் பம்பும் முன்னமே தேய்ந்துபோய் பிரஷர் நிற்காத எஞ்சின். பாதுகாப்பு சுவிட்ச் அதன் வேலையைச் செய்து அடிக்கடி எஞ்சினை அணைத்திருக்கிறது, வாங்க வருகிறவன் முன்னால் அணைந்தால் வியாபாரம் ஆகாது, ஆகவே சுவிட்சை வெட்டிவிட்டார்கள், வெட்டினாலும் முள் கீழேயே கிடக்குமே என்று அதற்கும் ஒரு ரெசிஸ்டர். இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு ஆயில் பம்ப் மாற்றியிருக்கலாம். எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டில் கோடு விழுந்திருக்கிறது, அதற்கு கிரைண்டிங், பேரிங், பம்ப் எல்லாம் சேர்த்து 68,000 ஆகும் என்று சொல்லியிருக்கிறார்.

யார்டுக்கு போன் பண்ணினேன். முதல் நாள் "பாக்கலாம் அண்ணாச்சி". இரண்டாம் நாள் "நீங்க ஆயில் பாத்திருக்க மாட்டீங்க". மூன்றாம் நாள் நேரில் போனபோது ரசீதை எடுத்துக் காட்டச் சொன்னார், அதில் "இருக்கிற நிலையில் விற்கப்பட்டது" என்று கீழே சின்னதாக எழுதியிருந்தது, ஜிஎஸ்டி பில்லும் இல்லை, லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த சீட்டுதான். ரெசிஸ்டர் போட்டோவைக் காட்டினேன். "அது உங்க மெக்கானிக் வச்சதா இருக்கும்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் வீடியோவை ஓட்டினேன், அவர் யார்டு, அவர் கை, அவர் சாவி, எஞ்சின் பிடிக்கும் முன்னாலேயே முள் நான்கில். இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் போன் வந்ததாகச் சொல்லி உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

தொழிலுக்கு வாங்கினது நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லாது என்று பலரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2019 சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கினவரைச் சேர்க்கவில்லைதான், ஆனால் சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகாரும் பதிந்திருக்கிறேன். பணம் கொடுத்தது வங்கி வழியாக என்பது ஒரு நல்ல காலம், ரொக்கமாகக் கேட்டார்கள், ஏனோ நான் கொடுக்கவில்லை.

இப்போது செட் ஆசான் பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது, நான் மறுபடி வாடகை செட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன், ஜூலை 31 வரை வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். யாராவது நம்ம மாவட்டத்தில் பழைய செட் பார்க்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் கூப்பிடுங்கள், டிசி கிளாம்ப் மீட்டர் இப்போது சொந்தமாக வாங்கிவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன். டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தால் போதும்.