நாலு டிசைன், ஒரே ஊசிப் பெட்டி: நிட்ப்ரோ சிம்பனி டீலக்ஸ் செட் எவ்வளவு தாங்கும்?

மூன்று நான்கு பின்னல் டிசைன்களை ஒரே சமயத்தில் கையில் வைத்திருப்பவர்கள் வீட்டில் முதலில் தட்டுப்பாடு வருவது 4 மி.மீ ஊசிக்குத்தான். நூல் அலமாரி நிறைய இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் தயாராக இருக்கும். ஆனால் ஒரே 4 மி.மீ ஊசி ஒரு கார்டிகனின் முதுகில் பாதி வழியில் மாட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு என்று எல்லோரும் கைகாட்டுவது, முனையைக் கழற்றி மாட்டும் வட்ட ஊசி செட்டுகளை (வளையும் கேபிளின் இரு நுனியிலும் ஒவ்வோர் ஊசி முனை). அவற்றில் நம்மூரில் எளிதாகக் கிடைப்பது ஜெய்ப்பூரில் தயாராகும் நிட்ப்ரோ. வட அமெரிக்காவில் இதையே நிட்டர்ஸ் பிரைடு என்ற பெயரில் விற்கிறார்கள். இங்கே பார்ப்பது அதன் சிம்பனி மர ஊசி டீலக்ஸ் செட். ஒரே ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறவருக்கு இது எப்படி என்று ஏகப்பட்ட பேர் எழுதியாயிற்று. பல டிசைன்களை ஓட்டுகிறவருக்கு இது போதுமா என்பதுதான் இங்கே கேள்வி.

பெட்டியில் இருப்பது: எட்டு ஜோடி முனைகள் (3.5, 4, 4.5, 5, 5.5, 6, 7, 8 மி.மீ), நான்கு கேபிள்கள் (60 செ.மீ ஒன்று, 80 இரண்டு, 100 ஒன்று), கேபிளுக்கு இரண்டு மூடிகள், இறுக்குவதற்குச் சின்னச் சாவி. 60, 80 என்பது முனைகள் மாட்டிய பிறகு வரும் மொத்த நீளம். வெறும் கேபிள் 60-க்கு சுமார் 35 செ.மீ, 80-க்கு 56, 100-க்கு 76 வரும். தனியாகக் கேபிள் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் குழம்புகிறவர்கள் அதிகம். 40 செ.மீ வேண்டுமென்றால் கேபிள் மட்டும் போதாது, அதற்கென்று உள்ள குட்டை முனைகளும் வேண்டும். சாதாரண முனைகளை மாட்டினால் கேபிள் வளைய இடமில்லாமல் இரண்டு ஊசியும் ஒன்றையொன்று முட்டும்.

இந்த செட்டின் உண்மையான பலம் மரத்தின் வழவழப்போ கலர் கோடுகளோ கிடையாது, அந்த மூடிகள்தான். பின்னியது கேபிளிலேயே இருக்க, முனைகளைக் கழற்றி, இரண்டு பக்கமும் மூடியைத் திருகிப் பையில் போட்டுவிட்டு, அதே முனைகளை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாம். அரை நிமிட வேலை. ஆக, எத்தனை டிசைன் ஓடலாம் என்பதை முடிவு செய்வது கேபிள் எண்ணிக்கை. இங்கேதான் கம்பெனிக் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போவதில்லை.

கழுத்திலிருந்து கீழே இறங்கும் ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். யோக் (கழுத்திலிருந்து அக்குள் வரையான தோள் பகுதி) முடிந்து கைகளைப் பிரிக்கும் இடத்தில் உடல் ஒரு 80 செ.மீ கேபிளில் இருக்கும். இரண்டு கைகளின் கண்ணிகளையும் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) கேபிளிலேயே நிறுத்தி வைத்தால் இன்னும் இரண்டு போய்விடும். நாலில் மூன்று ஒரே ஸ்வெட்டருக்கு! மிச்சம் ஒற்றை 100. அதில் ஒரு தொப்பியை, நீளக் கேபிளை வளையமாக வெளியே இழுத்துச் சின்னச் சுற்றுகளைப் பின்னும் மேஜிக் லூப் முறையில் ஓட்டலாம், அவ்வளவுதான். அதனால் கைகளை எப்போதும் மிச்ச நூலில் கோத்து வையுங்கள், கேபிளை அதற்குச் செலவழிக்காதீர்கள். வழுக்கும் பருத்தி நூலாக, வேறு நிறத்தில் இருக்கட்டும். மொஹேர் போன்ற ரோம நூலில் கோத்தால் பின்னால் உருவ முடியாது, இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இதோடு ஓடும் டிசைன் எண்ணிக்கைக்கு மேல் ஒரு கேபிள் உபரியாக இருக்க வேண்டும். நான்கு டிசைன் என்றால் ஐந்து. அந்த ஐந்தாவது, மாதிரித் துண்டு பின்னவும், போட்டுப் பார்க்க ஸ்வெட்டரை அகல விரிக்கவும். கேபிள்களை ஒன்றோடொன்று நீட்டி மாட்டும் இணைப்பான்கள் தனியாகக் கிடைக்கின்றன. போட்டுப் பார்க்க அவை மிகவும் உதவும்.

அடுத்த குறை அளவுகளில். 3.75 மி.மீ இந்தப் பெட்டியில் இல்லை. டி.கே. (டபுள் நிட்டிங்) எனும் மிதமான கன நூலில் டிசைன் செய்கிறவர்களுக்கு 3.75 அன்றாட அளவு. அமெரிக்கக் கணக்கில் அது 5-ஆம் நம்பர். அதற்கு ரிப் பார்டர் (இழுபடும் கோட்டு ஓரம்) போட வேண்டிய 3.25-ம் இல்லை. மாறாக 7, 8 மி.மீ இருக்கின்றன. தடித்த நூலில் வேலை செய்யாதவருக்கு அந்த இரண்டு ஜோடியும் பெட்டியிலேயே தூங்கும். முனைகளைத் தனியாக வாங்க முடியும் என்பதால் இது ஈடு செய்யக்கூடிய குறைதான். ஆனால் 'முழு செட்' என்று நினைத்துக் காசு கொடுத்தவருக்கு எரிச்சல் வரும்.

நம்பர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் பாட்டி காலத்து ஊசிகள் இருந்தால் அவற்றில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இருக்கும். அந்தக் கணக்கில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் குறிப்பில் 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் 10 என்பது 3.25, அமெரிக்க 10 என்பது 6. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் பின்னிப் பழகிய கைகளுக்கு '10-ஆம் நம்பர்' என்றால் மெல்லிய ஊசி. இணையத்தில் வாங்கும் அமெரிக்க டிசைனில் அதே நம்பர் தடிமனானது. நான்கு டிசைனை ஒரே நோட்டில் எழுதுகிறவர் மில்லிமீட்டரில் மட்டும் எழுதுவது நல்லது.

ஒரே அளவு முனை இரண்டு வேலைக்கு ஒரே நாளில் வேண்டியிருந்தால் என்ன செய்வது? வட்டமாகப் பின்னும் வேலைகளுக்கு ஒரு வழி உண்டு. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது புதுக் கண்ணியை வாங்கிக்கொள்ளும் வலது கை ஊசி. இடது கை ஊசி பழைய கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. ஆகவே வலப்பக்கம் 4 மி.மீ, இடப்பக்கம் 3.5 மாட்டினாலும் துணி 4 மி.மீ துணியாகவே வரும். இடது ஊசி மெல்லியதாக இருந்தால் கண்ணிகள் இன்னும் சுலபமாக நகரும். ஒரு ஜோடி 4 மி.மீ முனை இப்படி இரண்டு ஸ்வெட்டர்களை ஓட்டும். திரும்ப மாட்டும்போது வேலை நூல் எந்தப் பக்க மூடியிலிருந்து தொங்குகிறதோ அந்தப் பக்கம்தான் 4 மி.மீ போக வேண்டும். மாற்றி மாட்டினால் அந்தச் சுற்று முழுக்க இறுகிப்போகும். முன்னும் பின்னுமாகப் பின்னும் தட்டைத் துண்டுகளுக்கு இந்தத் தந்திரம் உதவாது. அங்கே ஒவ்வொரு வரிசையிலும் ஊசிகள் இடம் மாறுவதால் ஒரு வரிசை தளர்ந்தும் ஒன்று இறுகியும் கோடு கோடாகத் தெரியும்.

பல டிசைன் ஓட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு முனை மாறிப்போவது. சிம்பனியில் எல்லா அளவும் ஒரே பல வண்ணக் கோட்டு மரம். அளவு பொடி எழுத்தில் இருக்கும். மேசையில் 4-ம் 4.5-ம் பக்கத்தில் கிடந்தால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். இதே கம்பெனியின் சிங் அலுமினிய ஊசிகளில் அளவுக்கு ஒரு நிறம். நாலைந்து வேலை ஓடும் வீட்டுக்கு அது பெரிய வசதி. இரண்டு வகை முனைகளும் ஒரே கேபிளில் பொருந்தும். ஆனால் அதுவே ஒரு பொறியும் கூட. மர முனையில் மாதிரித் துண்டு பின்னி, உலோக முனையில் ஸ்வெட்டர் பின்னினால் அளவு மாறும். பலருக்கும் அகலத்தைவிட உயரத்தில் அது தெரியும்.

எவ்வளவு மாறும்? 10 செ.மீ-க்கு 22 கண்ணி என்று கணக்குப் போட்டு உடலுக்கு 210 கண்ணி வைத்திருந்தால் சுற்றளவு 95.5 செ.மீ. முனை மாறி 23 ஆகிவிட்டால் அதே 210 கண்ணி 91.3 செ.மீ. நான்கு செ.மீ-க்கு மேல் காணாமல் போகிறது. உயரத்தில், 10 செ.மீ-க்கு 30 வரிசை என்று வைத்து 21 செ.மீ யோக்குக்கு 63 வரிசை எழுதியிருப்பீர்கள். அது 32 ஆனால் யோக் 19.7 செ.மீ-தான் வரும், அக்குள் பிடிக்கும். ஒரு ஸ்வெட்டரைத் தனக்காகப் பின்னுகிறவர் சமாளித்துவிடுவார். டிசைனர் எழுதிய குறிப்பு எட்டு ஒன்பது அளவுகளுக்குக் கணக்காகப் போயிருக்கும், எல்லா அளவிலும் தப்பு உட்கார்ந்துவிடும்.

அதனால் மூடி போடும்போதே துணியின் ஓரத்தில் ஒரு ஊக்கில் சீட்டுக் குத்துங்கள். அதில் இவ்வளவு போதும்: 'உடல், 4.0 மரம், 86-வது சுற்று முடிந்தது, அடுத்த குறைப்பு 92-ல்.' அளவு மட்டும் எழுதினால் போதாது, மரமா உலோகமா என்பதும் வேண்டும். மாதிரித் துண்டுகளுக்கு இதைவிட எளிது, நூல் வாலில் முடிச்சு. 4 மி.மீ என்றால் நாலு முடிச்சு. 4.5 என்றால் நாலு முடிச்சும், வாலின் கடைசியில் ஒரு சின்ன வளையமும். துவைத்தாலும், ஈரத்தோடு அளவுக்கு விரித்துக் காய வைத்தாலும் (பிளாக்) முடிச்சு போகாது, சீட்டு போய்விடும்.

இனி திருகு. இந்த வகை செட் எதைப் பற்றியும் வரும் முதல் புகார், நடுவில் திருகு கழன்று கண்ணிகள் கொட்டுவது. பெரும்பாலும் காரணம் மாட்டிய விதம். சாவியைக் கேபிளின் உலோக முனையில் உள்ள துளையில் செருகி, ஊசியை அதன் உலோகக் கழுத்தில் பிடித்து, நிற்கும் வரை திருக வேண்டும். மரத்தைப் பிடித்துத் திருகினால் மரமும் உலோகமும் சேரும் இடம் தளரும். மெல்லிய அளவுகளில் அங்கேயே ஒடியும். விரல் வழுக்கினால் ஒரு ரப்பர் துண்டை வைத்துப் பிடியுங்கள். திருகில் நூல் பஞ்சு சிக்கியிருந்தால் முழுதாக உட்காராது, தலைமுடி அளவு இடைவெளி நிற்கும். ஒவ்வொரு கண்ணியும் அங்கே தட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். இறுக்கியும் கழன்றால், வரிசை முடிவில் வேலையை எப்போதும் ஒரே திசையில் திருப்புகிறீர்களா என்று பாருங்கள். கேபிளில் முறுக்கு ஏறி, அது திருகைத் தளர்த்தும். ஒரு முறை வலம், மறு முறை இடம் என்று திருப்புங்கள். முனை மாற்றிய பிறகு முதல் இரண்டு சுற்றுக்கு விரலால் தொட்டுப் பார்ப்பதும் நல்லது. 7, 8 மி.மீ-யில் தளர்வாகப் பின்னிய கண்ணிகள் மூடியையும் தாண்டி நழுவலாம். கேபிளில் மூடிக்கு உட்பக்கம் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள்.

அந்தச் சாவித் துளைக்கு இன்னொரு பயன் உண்டு, டிசைனர்களுக்கு இதுவே பெரிது. கழுத்துக்கு இரண்டு விதமாக யோசித்து, ஒன்றை முயன்று, வேண்டாமென்றால் பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். வலது ஊசி சேரும் இடத்துத் துளையில் வழுவழுப்பான மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து, அதன் வால் உடலின் சுற்றளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும்படி கேபிளோடு தொங்க விடுங்கள். அந்தச் சுற்றைப் பின்னப் பின்ன, கண்ணிகள் முனையிலிருந்து கேபிளுக்கு நகரும்போது நூல் தானாக எல்லாவற்றுக்குள்ளும் ஓடிவிடும். சுற்று முடிந்ததும் துளையிலிருந்து எடுத்துவிட்டு மேலே தொடரலாம். பிரித்தால் வேலை அந்த நூலில் வந்து நிற்கும். எச்சரிக்கை ஒன்று: மூடிய வளைய மார்க்கர் (இடத்தை அடையாளம் காட்ட ஊசியில் மாட்டும் வளையம்) இருந்தால் நூல் அதற்குள்ளும் ஓடி அங்கேயே சிறைப்பட்டுவிடும். அந்தச் சுற்றில் திறந்து மூடும் மார்க்கர் போடுங்கள்.

கேபிள் சுருண்டே நின்றால் வெறும் கேபிளை மட்டும் சூடான நீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராக இழுத்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் விடுங்கள். மர முனையை நீரில் போடாதீர்கள். அக்ரிலிக் நூலும் வியர்த்த கையும் சேர்ந்தால் மர ஊசி இழுக்கும் என்பதால், சென்னை மே மாதத்துக்குச் சிம்பனி அவ்வளவு தோதல்ல. கம்பளி நூலுக்கும் வழுக்கும் பட்டுக் கலப்புக்கும் மரம்தான் சுகம்.

மற்ற செட்டுகளோடு பார்த்தால், ச்சியாவ்கூ ட்விஸ்ட் உலோக ஊசிகளின் சிவப்புக் கேபிள் எஃகுக் கம்பி மேல் நைலான் பூசியது, சுருளாது. மேஜிக் லூப்புக்கு அருமை. ஆனால் 5 மி.மீ வரை ஒரு கேபிள் அளவு, 5.5-லிருந்து வேறு அளவு. அடாப்டர் இல்லாமல் ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாது. முனையும் கேபிளும் இஷ்டப்படி மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் இது தலைவலி. அடி (addi) கம்பெனியின் கிளிக் செட்டில் திருகே கிடையாது, அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சாவி வேண்டாம். ஒரு நாளில் பல முறை முனை மாற்றுகிறவருக்கு அது வேகம்.

கணக்கு வைக்க, பின்னுகிறவர்களுக்கான ரேவல்ரி இணையதளத்தின் திட்டப் பக்கங்கள் போதும். 2007-லிருந்து இயங்குகிறது, உறுப்பினராவது இலவசம். ஊசி, நூல் தொகுதி நம்பர், தேதி எல்லாம் எழுதலாம், கிடப்பில் போட்டதற்கென்றே ஒரு நிலையும் உண்டு. ஆனால் வரிசை எண் மட்டும் துணியிலேயே குத்திய சீட்டில் இருக்கட்டும்.

வாங்கலாமா? ஒன்றிரண்டு வேலை வைத்திருப்பவருக்கு டீலக்ஸ் செட் தாராளமாகப் போதும். காலுறை பின்னுகிறவர் தொடவே வேண்டாம், அவர் அளவுகள் எதுவும் இதில் இல்லை. மூன்றுக்கு மேல் டிசைன் ஓட்டுகிறவர் பெட்டியை வாங்காமல் உதிரியாக வாங்குவதே லாபம்: 4 மி.மீ இரண்டு ஜோடி, 3.25, 3.5, 3.75, 4.5, 5 ஒவ்வொரு ஜோடி, 80 செ.மீ கேபிள் மூன்று, 100 இரண்டு. 4 மி.மீ-யின் இரண்டாவது ஜோடியும் முதல் ஜோடி போலவே மரமாக இருக்கட்டும். ஏற்கெனவே செட் வாங்கிவிட்டவர் முதலில் சேர்க்க வேண்டியது ஒரு 80 செ.மீ கேபிள், பிறகு 3.75 முனை.