ஹன்னா எச்ஐ772 காரத்தன்மை அளவி: பவளம் நலியத் தொடங்கினால் முதலில் கையிலெடுக்க வேண்டியது

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் இரை எடுக்காது, மூலையில் ஒதுங்கும், மேலே வந்து மூச்சு வாங்கும். பவளம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. உப்பு கூடினாலும் சுருங்கும், வெப்பம் ஏறினாலும் சுருங்கும், வெளிச்சம் மிகுந்தாலும் சுருங்கும். கண்ணால் பார்த்துவிட்டு மருந்து வாங்கி ஊற்றுவதை நான் அடியோடு எதிர்ப்பது இதனால்தான். அளந்து பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அக்ரோபோரா, மான்டிபோரா என்று பெரும்பாலும் கல் பவளங்கள். அண்மையில் அக்ரோபோராவின் அடித்தண்டில் சதை உரிந்து, வெள்ளை எலும்பு மெல்ல மேலேறத் தொடங்கியது. பக்கத்திலிருந்த யூஃபிலியா என்ற பவளம் பாதிதான் விரிந்தது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடையில் படத்தைக் காட்டினேன். "அண்ணே, இது தொற்று" என்று சொல்லி, பவளத்தை முக்கியெடுக்கும் மருந்து ஒன்றை எடுத்து வைத்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.

வெப்பம் 26 டிகிரி. நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒழுங்காக ஓடியது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் சரிபார்த்து உப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சொட்டுச் சோதனையில் கால்சியம் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1300. எல்லாம் நலம் என்று எழுதிவிடலாம் போலிருந்தது. ஆனால் காரத்தன்மையை, அதாவது பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவை, டிகேஎச் என்ற அலகில் காட்டும் ஹன்னா அளவி, வழக்கமான 8.3க்குப் பதில் 6.1 என்றது.

கால்சியம் நன்றாக இருக்கும்போது காரத்தன்மை மட்டும் எப்படிச் சரியும் என்று பலர் கேட்கிறார்கள். பவளம் எலும்பு கட்ட இரண்டையும் சேர்த்தே எடுக்கிறது. ஆனால் காரத்தன்மை 2.8 டிகேஎச் குறையும்போது கால்சியம் ஏறத்தாழ 20 பிபிஎம்தான் குறையும். நானூற்றுச் சொச்சத்தில் இருபது போனால் சொட்டுச் சோதனையின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். காரத்தன்மையிலோ அது மூன்றில் ஒரு பங்கு. தொட்டியின் நாடி அங்கேதான் பேசுகிறது. உப்பு நீர்த்துப்போயிருந்தால் மூன்றுமே ஒன்றாக இறங்கியிருக்கும். இது ஒன்று மட்டும் இறங்கியதால், காரத்தன்மைக் கரைசலை ஊட்டும் வழியில்தான் கோளாறு என்று தேடினேன். அதைத் தானாக அளந்து ஊற்றும் டோஸிங் பம்ப் தினமும் ஊட்டியதாகத் திரையில் கணக்குக் காட்டியது. குழாயின் நுனியில் சுண்ணாம்பு கல்லாக இறுகி, துளையை அடைத்திருந்தது.

இனி கருவி. உள்ளங்கையில் அடங்கும், ஒரு ஏஏஏ பேட்டரி போதும். சிறு கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி தொட்டி நீர் எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினால் சுழியம் பிடித்துக்கொள்ளும். பிறகு நிறம் காட்டும் திரவமான ரீஏஜென்ட் 1 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்துச் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். காரத்தன்மை குறைவென்றால் நீர் மஞ்சளாகும், கூடக் கூடப் பச்சை கலந்த நீலத்துக்குப் போகும். அன்று என் குப்பி வழக்கத்தைவிட மஞ்சளாகவே நின்றது. மறுபடி அழுத்தினால் எண் வந்துவிடும். கண்ணாடியில் விரல் ரேகையோ, உள்சுவரில் குமிழியோ இருந்தால் எண் பிசகும். வைக்கும் முன் மென்துணியால் துடைப்பது கட்டாயம். சிரிஞ்சில் காற்று நுழைந்தாலும் எண் பிசகும்.

சொட்டுச் சோதனை கெட்டதல்ல. ஆனால் தொட்டியின் நீல எல்இடி வெளிச்சம் பரவிய கூடத்தில், நிறம் மாறிவிட்டதா இல்லையா என்று ஒவ்வொரு சொட்டுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லை இதில் இல்லாததால் தினமும் அளக்க மனம் வருகிறது. எனக்கு இதுவே இதன் பெரிய மதிப்பு.

துல்லியத்தை மட்டும் மிகையாக நம்பக் கூடாது. தயாரிப்பாளரே பிழை எல்லை ±0.3 டிகேஎச், அதோடு அளவில் ±5 சதவீதம் என்கிறார். ஆகவே நேற்று 8.2, இன்று 8.0 என்றால் ஒன்றும் ஆகிவிடவில்லை. தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். எண்கள் ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும். பிஎச்சோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏசி போட்டு மூடிய அறையில் நம் மூச்சிலிருந்து சேரும் கரியமில வாயுவால் பிஎச் தாழும். காரத்தன்மை அப்படியே இருக்கும்.

குறைந்ததை ஒரே நாளில் தூக்கிவிடக் கூடாது. திடீர் ஏற்றமும் பவளத்தைச் சுட்டுவிடும். நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மிகாமல் ஏற்றினேன், ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பிறகும் அளந்தேன். உரிவது நின்றது, யூஃபிலியா மீண்டும் முழுதாக விரிகிறது. அக்ரோபோராவில் வெளுத்த பகுதி வெளுத்ததுதான். அதன் ஓரத்தில் புதுச் சதை பரவுகிறது.

செலவு கருவியோடு முடிவதில்லை. ரீஏஜென்ட் குப்பி 25 சோதனைகளுக்குத்தான் வரும். கடையில் தேதி பார்த்து வாங்குங்கள். கல் பவளம் வளர்ப்பவருக்கு இதை ஐந்தில் நாலரை என்று தயங்காமல் பரிந்துரைப்பேன். மென்பவளங்கள் மட்டும் வைத்திருப்பவர் வாரமொரு சொட்டுச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருப்பதால், அவர் அந்தப் பணத்தை நல்ல ஆர்ஓ வடிகட்டிக்குச் செலவழிக்கட்டும்.