அன்னபோலிஸ்: கால்களைக் காட்டாத குத்துச்சண்டைப் படம்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் போன சனிக்கிழமை ராத்திரி, 2006-இல் வந்த 'அன்னபோலிஸ்' படத்தைத் தம்பியோடு பார்த்தேன். அவன் மூன்று வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறான். அவனுக்காகத்தான் போட்டேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் ஜேக், எதிர்க்கரையில் தெரியும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் சேர்கிறான். அப்பாவுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. இந்த அப்பா, மகன் கதையையே கொண்டுபோயிருக்கலாம். அப்புறம் வருவதெல்லாம் பழகிய தடம்: கத்தும் மேலதிகாரி, தண்டனை, கடைசியில் அவரோடு குத்துச்சண்டை வளையத்துக்குள் மோதல். பயிற்சி தரும் பெண்ணோடு காதல் வேறு. அதிகாரியும் மாணவனும் நெருங்கினால் அங்கே என்ன ஆகும் என்று படம் யோசிக்கவே இல்லை.

தடை ஓட்டத்தில் திணறும் குண்டான அறைத் தோழன் மட்டும் மனதில் நின்றான். அவன் படுகிற பாடு நிஜமாக வலித்தது.

சண்டைதான் பெரிய ஏமாற்றம். நொடிக்கு நொடி காட்சியை வெட்டிவிடுகிறார்கள். பாதியில் தம்பி சொன்னான், "அக்கா, கால் எங்க வைக்கிறான்னே தெரியல. கால் தெரியாம எப்படி அடி புரியும்?" சரிதான். குத்தின் பலம் பாதத்திலிருந்துதானே இடுப்பு வழியாகத் தோளுக்கு வருகிறது.

ஜேக்காக வரும் ஜேம்ஸ் பிராங்கோ உழைத்திருக்கிறார், மேலதிகாரியாக வரும் டைரீஸ் கிப்சனும்தான். 'பெட்டர் லக் டுமாரோ' படம் எடுத்த இயக்குநர் ஜஸ்டின் லின்னிடம் இதைவிட அதிகம் எதிர்பார்த்தேன். தம்பி கடைசிச் சண்டைக்கு முன்பே தூங்கப் போய்விட்டான்.