ஒன்பது சீசன், நான்கு குண்டு: மசில்லோடரில் மான் வேட்டை

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜனவரித் தொடக்கத்தில் மசில்லோடருக்கென்று தனியாக நான்கு நாள் ஒதுக்குவார்கள். ஒன்பது வருடமாக அந்த நான்கு நாளும் எனக்கு அலுவலக விடுப்புதான். துப்பாக்கியை மாற்றவில்லை. அதே ஐம்பது காலிபர் (அரை அங்குலக் குழல்) இன்லைன், அதாவது பொறி மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பாயும் நவீன வகை. பற்றவைக்க 209 பிரைமர் என்கிற சிறு பொறிக்குப்பி, குழலுக்குள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மரை. குண்டைத்தான் மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொன்றும் எப்படி இருந்தது, ஏன் கைவிட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மசில்லோடர் என்றால் வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி, நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே அந்த வகை. தோட்டா கிடையாது. முதலில் வெடிமருந்து, அதன் மேல் குண்டு, ராம்ராட் கம்பியால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். ஒரு வெடிதான். அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து. நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் சிறை. இங்கே கதை வேறு. 1904 வாக்கில் ஒஹாயோவில் ஒரு வெள்ளைவால் மான்கூட மிஞ்சவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கினார்கள். இப்போது சோள வயலில் இறங்கும் கூட்டத்தைக் குறைக்க அரசே உரிமம் விற்கிறது.

எடை எல்லாம் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 250 கிரெயின் குண்டு என்றால் சுமார் 16 கிராம், அதாவது இரண்டு பவுன் தங்கத்தின் எடை. எனக்கு இந்தக் கணக்குதான் சட்டென்று மனதில் நின்றது.

முதல் குண்டு, எல்லாப் புதியவர்களையும் போல, அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்கியது. ஈய உடல், மெல்லிய செம்புப் பூச்சு, மூக்கில் கூரான பிளாஸ்டிக். குழலுக்குள் மாத்திரையாக அழுத்திய வெடிமருந்து, 50 கிரெயினில் மூன்று போட்டால் 150. வேகம்தான் எல்லாம் என்று நினைத்த காலம். சுடுதளத்தில் 100 கெஜத்தில் மூன்று குண்டும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன. அப்புறம் என்ன வேண்டும்?

இரண்டாவது சீசனில் பரணுக்கு 40 கெஜம் தள்ளி ஒரு கிடா வந்து நின்றது. முன்சப்பையில் வைத்தேன். புகை விலகியபோது அது காட்டுக்குள் பாதி தூரம் போயிருந்தது. நின்ற இடத்தில் கொஞ்சம் ரோமம், இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணி வரை டார்ச் வைத்துத் தேடினேன். மறுநாள் காலையில் பக்கத்துப் பண்ணைக்காரர் கூட வந்து ஓடைக்கரை முட்புதரில் கண்டுபிடித்தோம். கறி கெட்டுப்போயிருந்தது. அறுத்துப் பார்த்தால் குண்டு சப்பை எலும்பிலேயே உடைந்து சிதறியிருந்தது. ஒரு நுரையீரலைத்தான் தொட்டிருக்கிறது. மறுபக்கம் வெளியே வரவே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர். திட்டவில்லை. "உன் குண்டு காகிதத்துக்குச் செய்தது" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குண்டு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அத்தனை மருந்தோடு, அவ்வளவு கிட்டத்தில், எலும்பைக் குறிவைத்தவன் நான். சட்டென்று விரியும் குண்டை வேகமாக விட்டால் விரிவதோடு நிற்காது, உடையும். அதே குண்டை 100 கிரெயின் மருந்தோடு முன்சப்பைக்குப் பின்னால் விலாவில் வைத்துத் தொடர்ந்து மான் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என் தேவை ஒன்றே ஒன்றாகச் சுருங்கிப்போனது: குண்டு இரண்டு துளை போட வேண்டும், போன வழி ஒன்று, வந்த வழி ஒன்று. பரண் மேலிருந்து சாய்வாகச் சுடும்போது நுழையும் துளை மேலே இருக்கும். ரத்தம் உள்ளேயே தேங்கும். கீழ்ப்பக்கத் துளை இல்லாவிட்டால் இலைச்சருகில் தடம் விழாது. சுடுகிற நொடியில் வெண்புகை கண்ணை மறைப்பதால் மான் எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதே தெரியாத ஆயுதம் இது. தடம் இல்லாவிட்டால் நமக்கு மிஞ்சுவது ஊகம்தான்.

இரண்டாவது குண்டு அந்தத் தேவைக்காகவே வாங்கியது. 385 கிரெயின் ஈயக் கூம்புக்குண்டு, மூன்று பவுனுக்கு மேல் எடை. உறை எதுவும் இல்லை, மசகு தடவி நேராகக் குழலில் இறங்கும். அடித்த இரண்டு மானிலும் இரண்டு துளை. குறை சொல்ல முடியாது. ஆனால் தோளை உடைக்கிற உதைப்பு, தூரம் போகப் போகக் கல்லைப் போட்டதுபோல் இறக்கம். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. ஒரு மாலை வாய் கீழ்நோக்கித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மைல் நடந்தேன். பரணில் உட்கார்ந்ததும் ஏதோ சந்தேகம். பிரைமரை எடுத்துவிட்டு ராம்ராட்டை விட்டுப் பார்த்தால், அதில் நான் போட்டுவைத்த கோடு குழல் வாய்க்கு மேலே ஒரு விரற்கடை நின்றது. குண்டு மருந்தை விட்டு நழுவியிருக்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அந்தக் குண்டு அடைப்புபோல் ஆகிவிடும். குழல் வீங்கலாம், வெடிக்கலாம். அன்று சுடாமல் இறங்கி வந்தேன். தளர்வாக இறங்கும் குண்டு பயன்படுத்துகிறவர்கள் ராம்ராட்டில் கோடு போட்டு, உட்கார்ந்ததும் ஒரு முறை சரிபாருங்கள். ஐந்து விநாடி வேலை.

மூன்றாவது உருண்டைக்குண்டு. நண்பர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பென்சில்வேனியாவில் தொடங்கும் பிளின்ட்லாக் சீசனுக்குக் கூட்டிப்போனார். தீக்கல் பொறியில் பற்றும் பழைய வகைத் துப்பாக்கி. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று மரை. 0.490 அங்குல ஈய உருண்டை, சுமார் 177 கிரெயின், மசகு தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி இடிக்க வேண்டும். ஆசைப்பட்டு அதையே என் இன்லைனிலும் போட்டேன். வேகமாகச் சுற்றும் மரையில் துணி கிழிந்து உருண்டை திக்குக்கொன்றாகப் போனது. அது அதன் துப்பாக்கியில்தான் அழகு. 60 கெஜத்துக்குள் என்றால் இன்றும் எனக்குப் பிரியமான வேட்டை அதுதான்.

இப்போது ஐந்து சீசனாக நிற்பது நான்காவது: பார்ன்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்பாண்டர், 250 கிரெயின், முழுச் செம்பு. 0.451 அங்குலக் குண்டு, அதைச் சேபோ என்கிற பிளாஸ்டிக் உறையில் செருகி இறக்க வேண்டும். உறை மரையைப் பிடித்துக் குண்டைச் சுழற்றிவிட்டு வெளியே வந்ததும் கழன்று விழும். மூக்கில் பெரிய குழி. உடம்புக்குள் போனதும் ஆறு இதழாக விரியும், ஆனால் உதிராது. ஆறு மான் அடித்திருக்கிறேன். ஆறிலும் மறுபக்கத் துளை. ஒன்றுகூட 80 கெஜத்துக்கு மேல் ஓடவில்லை. எல்லாமே துளைத்து வெளியே போய்விட்டதால் என் கையில் ஒரு குண்டுகூட மிஞ்சவில்லை. விரிந்த குண்டைப் படம் போடச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள், மண்ணுக்குள் போனதை எங்கே தேடுவது!

மருந்தையும் குறைத்துவிட்டேன். மாத்திரை வேண்டாம் என்று டிரிபிள் செவன் என்கிற வெடிமருந்துத் தூளை அளவுக்குவளையில் 90 கிரெயின் அளந்து போடுகிறேன். இந்த அளவு கொள்ளளவுக் கணக்கு, தராசில் நிறுக்கக் கூடாது. புகையில்லாத நவீன மருந்தை இந்தத் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழல் தாங்காது. 100 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்திருக்கிறேன். 150 கெஜத்தில் கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கும். என் காட்டில் அவ்வளவு தூரம் கண்ணே எட்டாது என்பதால் கவலை இல்லை.

செம்புக்கு மாற இன்னொரு காரணம் வீட்டில் இருந்து வந்தது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத்துணுக்குகள் தெரிந்து அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு மினசோட்டா இயற்கைவளத் துறை ஆட்டு உடல்களைச் சுட்டுச் சோதித்தபோது, காயத்திலிருந்து எதிர்பார்த்ததைவிடத் தூரத்திலும் துணுக்குகள் கிடைத்தன. அதிவேக ரைபிள் குண்டோடு ஒப்பிட்டால் மசில்லோடர் குண்டு குறைவாகவே சிதறும் என்பது உண்மை. ஆனால் என் முதல் கிடாவின் சப்பையைப் பார்த்தவள் என் மனைவி. "பிள்ளைகளுக்கு மிளகு வறுவல் வேண்டுமானால் ஈயம் வேண்டாம்" என்றாள். பேச்சு முடிந்தது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஒரு குண்டு ஒரு டாலருக்கு மேல், சுடுதளத்தில் மனசு வலிக்கும். இரண்டாவது, குளிர். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் உறை விறைத்துக்கொள்ளும். ஒரு வெடி முடிந்த அழுக்குக் குழலில் இரண்டாவதை இறக்க முழு உடம்பையும் ராம்ராட் மேல் போட வேண்டியிருந்தது. டிரிபிள் செவன் எரிந்தபின் குண்டு உட்காரும் இடத்தில் கண்ணாடிபோல் ஒரு கெட்டி வளையம் விடும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அதன்பின்தான் அடுத்த குண்டு. வரிவரியாய் மேடு வைத்த உறைக்கு மாறி, இரண்டாவது குண்டைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்த பிறகு தொல்லை பெரும்பாலும் போயிற்று. கெட்டித்த துப்பாக்கியை இரவில் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழலில் பனிநீர் கோத்து மருந்து நமுத்துப்போகும். பிரைமரை எடுத்துவிட்டு, பூட்டிய கொட்டகையிலேயே வைக்கிறேன்.

வேறு மாநிலம் போகிறவர்கள் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொலராடோவின் மசில்லோடர் சீசனில் சேபோ, மாத்திரை மருந்து, தொலைநோக்கி மூன்றுமே கூடாது. நான் அங்கே போனால் மறுபடி அந்த 385 கிரெயின் கூம்புக்குண்டுதான்.

முதலில் வாங்கிய கூர்மூக்குக் குண்டில் அரைப் பெட்டி கராஜில் கிடக்கிறது. அக்டோபரில் தொலைநோக்கியைச் சரிபார்க்க அதையே எடுக்கிறேன். காகிதத்தில் இன்னும் அதற்கு ஈடாக ஒன்று விழவில்லை.