தீக்குத் தப்பிய இரண்டு ஊர்கள்: ஹாம்னிங்பெர்க்கா, புகொய்னெஸா?

நார்வேயின் வடகிழக்கு விளிம்பிலுள்ள ஃபின்மார்க் பகுதியில் பழைய மரவீடுகளைக் காண்பது அரிது. 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, துரத்தி வந்த சோவியத் படைக்கு ஒதுங்க ஒரு கூரையும் மிஞ்சக் கூடாதென்று ஊர் ஊராகத் தீயிட்டதில் பல்லாயிரம் வீடுகள் சாம்பலாயின. அதற்குத் தப்பிய மிகச் சில மீனவ ஊர்களில் ஹாம்னிங்பெர்க்கும் புகொய்னெஸும் முக்கியமானவை. பயணத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் எதைத் தேர்வது?

வீடுகளின் பழமையும் வழியின் அழகும் மட்டுமே அளவுகோல் என்றால் ஹாம்னிங்பெர்க் முந்திக்கொள்ளும். வார்டோ நகரிலிருந்து அங்கே செல்லும் ஒடுங்கிய சாலை, செங்குத்தாக நிமிர்ந்த பாறை அடுக்குகளின் நடுவே பேரென்ட்ஸ் கடலை ஒட்டியே போகிறது. ஆனால் குளிர்காலத்தில் அச்சாலை மூடப்பட்டுவிடும். பெரிய படகுகள் அச்சமின்றி நிற்கத்தக்க துறைமுகம் அமையாததால், 1960களில் அரசின் உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். இன்று அங்கிருப்பவை கோடைக்காலத்தில் மட்டும் திறக்கப்படும் வீடுகள்.

நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடற்பகுதியான வாராங்கர் ஃபியோர்டின் தென்கரையிலுள்ள புகொய்னெஸும் அப்படிக் கைவிடப்படும் விளிம்புவரை சென்ற ஊர்தான். ஃபின்லாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களான இம்மக்கள், மீன்தொழில் நொடித்துப்போனபோது, ஊரோடு இடம்பெயர விரும்புவதாகவும் தங்களை ஏற்க முன்வரும் இடம் எதுவென்றும் கேட்டு 1989இல் நாளிதழில் விளம்பரமே கொடுத்தார்கள். அவர்களை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு ராஜ நண்டுக்கு உண்டு. பசிபிக் கரையான கம்சாத்காவிலிருந்து சோவியத் ஆய்வாளர்கள் 1960களில் கொண்டுவந்து ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் அருகே கடலில் விட்ட இந்த நண்டு மெல்ல மேற்கே பரவி, காட் மீனுக்கு விரித்த வலைகளைச் சிக்கலாக்கிக் கிழித்து, முதலில் மீனவர்களின் சாபத்தையே வாங்கிக்கட்டிக்கொண்டது. 2002இல் வணிக முறையில் பிடிக்க அனுமதி கிடைத்தபின் அதுவே ஊரின் வருமானமாயிற்று. கால்களை விரித்தால் ஒரு மீட்டரையும் தாண்டும் நண்டுகள் உயிரோடு பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஆசிய நகரங்களுக்கு விமானமேறுகின்றன. வெளியிலிருந்து வந்த உயிரினம் கடலடிச் சிற்றுயிர்களைத் தின்றழிக்கிறது என்னும் சூழலியலாளர்களின் கவலை நியாயமானது. அதை மறைத்து இவ்வூரைப் புகழ முடியாது.

எனினும் என் தேர்வு புகொய்னெஸே. பழைய மரவீடு தப்பியதைவிட, அதற்குள் அடுப்பெரிந்துகொண்டிருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சூரியன் எழாத டிசம்பரிலும் அங்கே போக முடியும்; சவுனா என்னும் வெப்பக் குளியலறையில் வியர்த்துவிட்டு உறையாத ஃபியோர்டின் பனிக்குளிர் நீரில் இறங்கவும் முடியும். ஜூலையில், சொந்த வாகனத்தோடு, கட்டடங்களைப் படமெடுக்கவென்றே வருபவருக்கு மட்டும் ஹாம்னிங்பெர்க்கைப் பரிந்துரைப்பேன். உணவையும் தண்ணீரையும் அவர் வார்டோவிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.